கோபம் இல்லாத அராபியாட்டா

பங்காருபேட்டை ஜங்ஷனில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இருட்டு விலகுவதற்கு முன்பே மாரிக்குப்பத்திலிருந்து வரும் ரயில் நிரம்பி வழியும். தங்கவயலில் தங்கம் எடுப்பது 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு அந்த ஊர் வெளியே அனுப்புவது மனிதர்களைத்தான். காவலாளி, கணக்கர், நர்ஸ், கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண், மாலில் துணி மடிப்பவர் என்று எல்லோரும் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்குப் போய், இரவு தூங்கி வழிந்தபடி திரும்புகிறார்கள். என் அக்கா மகன் பதினோரு வருஷமாக அந்த ரயிலில் போய் வருகிறான்.

போன மாதம் அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. "நைனாவையும் அம்மாவையும் ஒரு நல்ல ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போகணும். நீங்களும் மெட்ராஸ்லேர்ந்து வந்துடுங்க மாமா" என்று போன் செய்தான். எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனையும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஆக ஒரே மேஜையில் இரண்டு மாமாக்கள். ஒருவர் 25 வருஷம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். இன்னொருவர் பத்திரிகையில் எழுதிப் பிழைப்பவர். இந்தக் கட்டுரையில் மாமா என்று வந்தால் அது முதலாமவர்.

மருமகன் தேர்ந்தெடுத்தது ஓர் இத்தாலிய ரெஸ்டாரன்ட். பெயர் வேண்டாம். பல ஊர்களில் கிளைகள் உள்ள நிறுவனம். ஒன்றுக்குப் போனால் எல்லாவற்றுக்கும் போன மாதிரிதான் என்பது அதன் பெருமை. பெங்களூரில் ஒரு மாலின் மூன்றாவது மாடி. சுவரில் ஒரு பழைய ஸ்கூட்டர், திராட்சைக் கொடி, கறுப்பு வெள்ளையில் முக்காடு போட்ட ஒரு பாட்டி. யாருடைய பாட்டி என்று தெரியவில்லை. எல்லாக் கிளைகளிலும் அதே பாட்டிதான் சிரிப்பார் என்று நினைக்கிறேன்.

மெனு கார்டு வந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் திடுக்கிட்டார். "ஒரு ரொட்டி 740 ரூபாயாடா?" அது விலையில்லை, கலோரி என்று மருமகன் விளக்கினான். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்துக்கும் கலோரிக் கணக்கை மெனுவில் போட வேண்டும் என்று சில வருஷங்களாகச் சட்டம் இருக்கிறது. மாமா பக்கத்துக் கட்டத்தில் இருந்த உண்மையான விலையைப் பார்த்தார். பிறகு கார்டை மூடி வைத்துவிட்டு, "நீயே சொல்லுடா" என்றார்.

மருமகன் பூண்டு ரொட்டி, காய்கறி சூப், மார்கரீட்டா பீட்சா, ஆல்ஃப்ரெடோ, அராபியாட்டா என்று சரளமாகச் சொன்னான். பெயர்களை வீட்டில் ஒத்திகை பார்த்திருப்பான் போலிருந்தது. அவன் அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்காகவே அவன் அத்தனை பணம் செலவழிக்கலாம்.

சாப்பாடு வந்தது.

பூண்டு ரொட்டியின் ஓரம் கல்லாகவும் நடு ஈரமாகவும் இருந்தது. சூப்பில் உப்பைத் தவிர எந்தச் சுவையும் முன்வந்து பேசவில்லை. பீட்சாவின் சீஸ் ரப்பர் மாதிரி ஒரே துண்டாக எழுந்து வந்து, அடியில் வெளுத்த ரொட்டியைத் தனியாக விட்டுவிட்டது. ஆல்ஃப்ரெடோவைப் பற்றி அக்கா ஒரே வார்த்தையில் சொன்னாள்: "கூழு." அராபியாட்டா என்றால் இத்தாலியில் கோபம் கொண்டது என்று அர்த்தம். தக்காளியோடு காய்ந்த மிளகாயும் பூண்டும் சேர்ந்து நாக்கில் சுருக்கென்று ஏற வேண்டும். எங்கள் தட்டில் இருந்த அராபியாட்டாவுக்குக் கோபம் என்பதே கிடையாது. சர்க்கரை போட்ட தக்காளி சாஸில் குளித்துவிட்டு, ஓரத்தில் வெதுவெதுப்பாகவும் நடுவில் ஜில்லென்றும் உட்கார்ந்திருந்தது.

பாஸ்தாவை அளவாக வேக வைக்க வேண்டும் என்பது இத்தாலியர்களின் பிடிவாதம். பல்லில் கொஞ்சம் தட்டுப்பட வேண்டும் என்பார்கள். எங்களுக்கு வந்தது எந்தப் பல்லையும் தொந்தரவு செய்யவில்லை. மேல்வரிசையில் நான்கு பற்களோடு வாழும் மாமா ஒருவர்தான் சிரமமில்லாமல் சாப்பிட்டார்.

"நல்லா இருக்கு இல்ல நைனா?" என்றான் மருமகன்.

"இருக்கு" என்றார் அவர்.

அக்கா தன் பங்கு பூண்டு ரொட்டியைக் காகிதக் கைக்குட்டையில் மடித்தாள். "ரயில்ல பசிக்கும், அப்போ சாப்பிட்டுக்கறேன்." பசிக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் நான் என் இத்தாலிய ஞானத்தைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. இங்கே எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த மேஜையில் இருந்த பண்டங்களில் பாதி இத்தாலியிலிருந்து நேராக வந்தவை அல்ல. 1880க்கும் 1915க்கும் இடையில் சுமார் 1 கோடியே 30 லட்சம் இத்தாலியர்கள் பிழைப்புத் தேடி நாட்டை விட்டு வெளியேறினார்கள். அமெரிக்கா போனவர்களில் பெரும்பாலோர் தெற்கத்திய ஏழைகள். அமெரிக்காவில் சுரங்கத்திலும் ரயில் பாதையிலும் துறைமுகத்திலும் கூலி வேலை பார்த்தார்கள். ஊரில் அபூர்வமாகக் கிடைத்த இறைச்சியும் சீஸும் அங்கே மலிவாகக் கிடைக்க, தங்கள் சமையலை அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டார்கள். நாம் இன்று இத்தாலியச் சாப்பாடு என்று நினைப்பதில் பெரும்பங்கு அந்தக் கூலிக்காரர்களின் அமெரிக்கச் சமையலறையில் பிறந்தது. கோதுமை ரவையும் தண்ணீரும் சேர்ந்த பாஸ்தா, எண்ணெயும் பூண்டும் போட்டுப் பிரட்டினால் ஒரு வேளைச் சாப்பாடு. நம் ஊர் களியும் கீரையும் மாதிரி ஏழையின் சிக்கனத்தில் விளைந்த ருசி.

அதே வருஷங்களில்தான் வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்தும் இன்னொரு கூட்டம் பிழைப்புத் தேடிப் புறப்பட்டது. லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880 வாக்கில் கோலாரில் சுரங்கம் வெட்ட இறங்கியது. பூமிக்கு அடியில் போக ஆள் வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத ஆதிதிராவிடர்கள். ரயிலில் வந்து பௌரிங்பேட்டையில் இறங்கினார்கள். மைசூரின் கமிஷனராக இருந்த பௌரிங் துரையின் பெயர் தாங்கிய அந்த ஊர்தான் இன்றைய பங்காருபேட்டை. மாமாவின் தாத்தாவும் அப்படி வந்து இறங்கியவர்.

சுரங்கத்தில் மேற்பார்வைக்கு இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இத்தாலியச் சுரங்கத் தொழிலாளர்களும் வந்தார்கள். ஆமாம், இத்தாலியர்கள் தங்கவயலுக்கு வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. மாலின் மூன்றாவது மாடிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் எங்கள் ஊரில் பூமிக்கு அடியில் நின்றிருக்கிறார்கள். மாமாவின் தாத்தாவும் ஓர் இத்தாலியரும் ஒரே சுரங்கத்தில் வேர்த்திருக்கலாம். ஆனால் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்க வழியில்லை. வெள்ளைக்காரர்களுக்குப் பங்களாவும் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் இருந்தன. சின்ன இங்கிலாந்து என்று அந்த ஊருக்குச் செல்லப் பெயர். தொழிலாளிகளுக்குத் தட்டி வைத்துக் கட்டிய வரிசைக் குடிசைகள்.

மாமாவின் தாத்தா விட்டுவிட்டு வந்த கிராமத்தில் டீக்கடைக்கு வெளியே நின்று, தனிக் குவளையில் வாங்கிக் குடிக்க வேண்டும். மாமா சிறுவனாக அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அதைப் பார்த்திருக்கிறார். அதனால்தான் நான் இந்த ரெஸ்டாரன்ட்டை முழுக்கக் கேலி செய்யத் தயங்குகிறேன். வாசலில் ஒரு பெண் வணக்கம் சொல்லி, "எங்கே உட்கார விரும்புகிறீர்கள்?" என்று கேட்டாள். மாமா ஜன்னலோரத்தைக் காட்டினார். அங்கேயே உட்கார வைத்தார்கள். நீ யார், எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. காசு இருந்தால் போதும். காசு மட்டும் போதும் என்பது பல சமயங்களில் வருத்தப்பட வேண்டிய விஷயம். சில சமயங்களில், சிலருக்கு, அது விடுதலை.

ஆனால் உள்ளே வந்தாயிற்று, உட்கார்ந்தாயிற்று, அதோடு திருப்திப்பட வேண்டியதுதானா? உட்கார இடம் கிடைத்தவனுக்கு நல்ல சோறும் கிடைக்க வேண்டாமா? மருமகனின் முகத்தைப் பார்த்தேன். சாப்பாடு மோசம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. சொன்னால் இந்த இடத்துக்குப் பழக்கமில்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தான். ஒருவேளை இதுதான் இத்தாலிய ருசியோ, நமக்குத்தான் தெரியவில்லையோ என்ற சந்தேகம் வேறு. புதிதாக ஓர் இடத்துக்குள் நுழைந்தவர்கள் எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில், ஆங்கிலப் பள்ளியில், வங்கியில், நம் பணத்தை வாங்கிக்கொண்டு மட்டமாக எதையாவது கொடுத்தால்கூட நம் அறியாமையைத்தான் முதலில் சந்தேகிக்கிறோம்.

அக்காவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நாற்பது வருஷம் சமைத்தவள். பரிமாறிய பையனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். இருபது, இருபத்தொரு வயதிருக்கும். கன்னடத்தில் கேட்டாள், இது இப்போது செய்ததா, செய்து வைத்திருந்ததா என்று. அவன் தமிழில் பதில் சொன்னான்: "சூடு பத்தலையாம்மா?"

"எந்த ஊருப்பா நீ?"

"ஆண்டர்சன்பேட்டை."

மேஜை ஒரு விநாடி அமைதியாயிற்று. தங்கவயலில் எங்கள் அக்கா வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அதே விடியற்காலை ரயிலில் வருகிறவன். மருமகன் அவனை எத்தனை முறை இடித்துக்கொண்டு நின்றிருப்பானோ.

தட்டை எடுத்துப் போனான். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தது. அதே பாஸ்தா, இப்போது நாக்கைப் பொசுக்கும் சூட்டில். சூடுதான் வந்திருந்தது, கோபம் வரவில்லை.

கூட்டம் குறைந்த நேரம். அவன் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் குரலைத் தாழ்த்தி எங்களிடம் பேசினான். சாஸ் எல்லாம் ஊருக்கு வெளியே உள்ள பொதுச் சமையலறையிலிருந்து பாக்கெட்டில் உறைந்து வருகிறதாம். பாஸ்தாவைக் காலையிலேயே வேக வைத்து, எண்ணெய் தடவி, ஆளுக்கு இவ்வளவு என்று எடை போட்டுப் பையில் கட்டி வைத்துவிடுவார்களாம். ஆர்டர் வந்ததும் பையைப் பிரித்து, சாஸைப் பிரித்து, சுட வைத்துத் தட்டில் கொட்டுவது. உள்ளே இருப்பவரும் தன்னை மாதிரி ஒரு பையன்தான், சமையல்காரர் இல்லை என்றான். "அவனுக்கே காரம் கம்மின்னு தெரியும்மா. ஒரு மிளகாய் சேர்த்துப் போட்டான்னா கேமராவுல பாத்துக் கேப்பாங்க."

இதில் திருட்டு எதுவும் இல்லை. சங்கிலி ரெஸ்டாரன்ட்டுகள் உலகம் பூராவும் கிட்டத்தட்ட இப்படித்தான் நடக்கின்றன. எல்லாக் கிளையிலும் ஒரே ருசி வேண்டும் என்றால் சமையலைச் சமையல்காரனின் கையிலிருந்து பிடுங்கியாக வேண்டும். நல்ல கை, கெட்ட கை என்ற வித்தியாசமே இருக்கக்கூடாது. மோசமான சாப்பாடு வராமல் பார்த்துக்கொள்ள அது ஒரு வழி. பிரமாதமான சாப்பாடும் அதே வழியில் நின்றுபோகிறது. மேலே உள்ளவர்கள் செலவைக் குறைக்க ஆரம்பித்தால், எல்லாக் கிளைகளிலும் ஒரே நாளில் ருசி கெட்டுவிடும். அதற்குப் பொறுப்பானவர் யாரும் நம் கண்ணில் படமாட்டார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமா முதல் முறையாக வாயைத் திறந்தார். "கம்பெனி காலத்துல இப்படித்தான்னு எங்க அப்பா சொல்வாரு. எதைக் கேட்டாலும் துரை சொல்வாராம், லண்டனுக்கு எழுதியிருக்கேன்னு."

அவர் அப்பா அறிந்த சுரங்கத்தின் மேலாளர்கள் தங்கவயலில் இருந்தார்கள். முடிவெடுக்கிறவர்கள் லண்டனில் இருந்தார்கள். நடுவில் நின்ற மேஸ்திரியிடம் கத்திப் பயனில்லை. அவனுக்கு அதிகாரம் கிடையாது. அப்படியும் அந்த மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. தொழிலாளிகளின் கைரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவு போட்டபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று 1930ல் சுரங்கமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. பாறை வெடித்துச் சிதறும் ஆபத்து, நுரையீரலில் படியும் கல்தூசி, 3 கிலோமீட்டர் ஆழத்தில் தொட்டால் சுடும் பாறை, எல்லாவற்றுக்கும் அவர்கள் கேள்வி கேட்டார்கள். கேட்டதில் பாதி கிடைக்கவில்லை. ஆனால் கேட்பது அந்த ஊருக்குப் பழக்கம். அந்த ஊர்ப் பையன் ஆறின பாஸ்தாவைக் கேள்வி கேட்கத் தயங்குகிறான் என்றால், பழக்கம் எங்கோ நடுவில் விட்டுப்போயிருக்கிறது.

மேலாளர் வந்தார். கையில் ஒரு சிறிய திரை. "சார், உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம்?" என்று கேட்டார். சாப்பாட்டுக்கு ஒரு கேள்வி, பரிமாறியவருக்கு ஒரு கேள்வி. பரிமாறியவரின் பெயர் திரையில் ஏற்கனவே எழுதியிருந்தது. பாஸ்தாவைக் காலையிலேயே வேக வைக்கச் சொன்னவரின் பெயர் எங்கேயும் இல்லை. சாஸில் சர்க்கரையைக் கூட்டியவரின் பெயரும் இல்லை. ஒரு நட்சத்திரம் கொடுத்தால் அது யார் தலையில் விழும் என்று எல்லோருக்கும் புரிந்தது. ஆண்டர்சன்பேட்டைப் பையன் கொஞ்சம் தள்ளி நின்று, எங்களைப் பார்க்காமல் பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மருமகன் திரையை வாங்கினான். பரிமாறியதற்கு ஐந்து. சாப்பாட்டுக்கு ஒன்று. கீழே எழுதுவதற்கு இருந்த கட்டத்தில் என்னென்ன குறை என்று நிதானமாக எழுதினான். மேலாளரின் முகம் சற்று மாறியது. "சார், நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்கலாம்." மருமகன் சொன்னான்: "சொன்னோம். சூடு பண்ணிக் குடுத்தாங்க."

பிறகு பில். சாப்பாடு 2,640 ரூபாய். சேவைக் கட்டணம் பத்து சதவீதம் 264 ரூபாய். இரண்டையும் சேர்த்து அதன் மீது ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி 145 ரூபாய் 20 காசு. இந்தச் சேவைக் கட்டணத்தைப் பற்றி வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. உணவகங்கள் இதை பில்லில் தாமாகவே சேர்த்து வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. உணவக சங்கங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 மார்ச் 28ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இது வரி அல்ல, அரசாங்கத்துக்குப் போவதும் அல்ல. விருப்பப்பட்டவர் கொடுக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. எடுக்க மறுத்தால் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம்.

"இதை எடுத்துடுங்க" என்றான் மருமகன். குரலில் கொஞ்சம் நடுக்கம் இருந்தது. மேலாளர் ஒரு விநாடி யோசித்தார். வாதாடவில்லை. புது பில் வந்தது, 2,772 ரூபாய். பணத்தைக் கட்டிவிட்டு, மருமகன் 300 ரூபாயைப் பையனின் கையிலேயே கொடுத்தான். சேவைக் கட்டணத்தில் உனக்கு எவ்வளவு வரும் என்று முன்பே கேட்டிருந்தோம். அவன் சிரித்திருந்தான், அவ்வளவுதான்.

"ராத்திரி எந்த வண்டிப்பா?" என்று அக்கா கேட்டாள்.

"கடைசி வண்டிம்மா. விட்டுட்டா இங்கேயே பின்னாடி படுத்துக்குவோம்."

அக்கா கைப்பையைத் திறந்தாள். மடித்து வைத்த பூண்டு ரொட்டியை எடுத்துக் கொடுக்கப்போகிறாளோ என்று ஒரு நிமிஷம் பயந்துபோனேன். நல்லவேளை, வீட்டிலிருந்து ரயிலுக்கென்று கட்டி வந்திருந்த முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். அங்கேயும் கேமரா இருந்திருக்கும்.

சாயங்கால ரயிலில் பங்காருபேட்டையில் இறங்கினோம். தங்கவயலுக்கு வண்டி மாற வேண்டும், நேரம் இருந்தது. நால்வருக்கும் பசி. பங்காருபேட்டையில் பசித்தால் எங்கே போவது என்று யாரும் யோசிப்பதில்லை. அந்த ஊர் பானிபூரி பெங்களூர் வரைக்கும் பிரசித்தம். மற்ற ஊர்களில் பானி பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். இங்கே குழாய்த் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் தெளிவாக இருக்கும். புதிதாக வந்தவர்கள் ஏமாந்து வாய் நிறைய ஊற்றிக்கொள்வார்கள். பிறகு கண்ணில் தண்ணீர் வரும். கோபத்தை வெளியே காட்டாமல் உள்ளே வைத்திருக்கிற தண்ணீர் அது.

தள்ளுவண்டிக்கு முன்னால் நின்றோம். முதல் பூரியைப் போட்டுக்கொண்டதும் மாமா தலையை ஆட்டினார். "உப்பு கம்மிப்பா." கடைக்காரர் ஒரு சொட்டைத் தன் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கினார். அடுத்த பூரியை நீட்டிவிட்டு மாமாவின் முகத்தையே பார்த்தார். மாமா கண்ணை மூடித் திறந்தார். கடைக்காரர் அடுத்த ஆளுக்குப் போனார். புகார், விசாரணை, நிவாரணம் எல்லாம் அரை நிமிஷத்தில் முடிந்தது. நட்சத்திரம் யாரும் கேட்கவில்லை.

இதை வைத்து பானிபூரி உயர்ந்தது, பாஸ்தா தாழ்ந்தது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். உண்மை அப்படி இல்லை. பானிபூரியும் இந்த மண்ணில் பிறந்ததல்ல, வடக்கிலிருந்து வந்ததுதான். இங்கே யாரோ ஒருவர், எதிரில் நின்று சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, அதன் நிறத்தைக்கூட எடுத்துவிட்டு பங்காருபேட்டையினுடையதாக மாற்றியிருக்கிறார். அமெரிக்காவுக்குப் போன இத்தாலியர்களும் அதைத்தான் செய்தார்கள். எங்கிருந்து வந்த பண்டம் என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. சமைக்கிறவனும் சாப்பிடுகிறவனும் ஒருவரையொருவர் பார்க்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. முடியாத இடத்தில், நடுவில் நிற்கிற பையனைத் திட்டிவிட்டு வருவதில் அர்த்தமில்லை. சும்மா இருந்துவிடுவதிலும் அர்த்தமில்லை. கேட்க வேண்டிய ஆளைத் தேடிக் கேட்க வேண்டும். அது பாஸ்தாவுக்கு மட்டும் பொருந்துவதில்லை.

தங்கவயல் வண்டி வந்து நின்றது. ஏறி உட்கார்ந்ததும் மாமா மகனின் தோளில் கை வைத்தார். நாள் முழுக்க அவர் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னார்.

"சாப்பாடு நல்லா இல்லடா."

மருமகன் சிரித்தான். "தெரியும் நைனா."

"ஆனா நீ அந்த பில்லைத் திருப்பிக் குடுத்தே பாரு." மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது நல்லா இருந்துச்சு."